குருதி சொல்லும் உறவு, ஏடு சொல்லும் பெயர்

நதிமூலமும் ரிஷிமூலமும் தேடலாகாது என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். தேடினால் என்னவாகும் என்பதை அவர்கள் விளக்கவில்லை. இன்றோ, சிறு குப்பி ஒன்றில் எச்சிலை நிரப்பி அஞ்சலில் அனுப்பினால், சில வாரங்களில் தன் மூலத்தைப் பற்றிய அறிக்கை வந்து சேரும் காலம். வீட்டிலிருந்தபடியே நூற்றாண்டு கடந்த கப்பல் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கவும் இணையம் வழி செய்துள்ளது. இக்கருவிகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லா என்பதை விலங்கியல் பயிலும் மாணவி என்ற முறையில், எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு தேடலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

முன்னோர் எத்தனை பேர்?

நம் ஒவ்வொருவருக்கும் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்களைப் பெற்றோர் எண்மர். இவ்வாறு இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 இடங்கள் வரும். இவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? என் வகுப்புத் தோழியரைக் கேட்டேன். பெரும்பாலோர் பாட்டனாருடன் நின்றுவிட்டனர். பாட்டியின் தாயார் பெயரைச் சொன்னவர் ஒருவரே.

இதற்கு நம் பெயரிடும் முறையும் ஒரு காரணம். மேனாட்டாருக்குக் குடும்பப் பெயர் உண்டு; அது பல தலைமுறைகள் மாறாமல் தொடர்ந்து வரும். நமக்கோ தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டுமே முன்னால் நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். ஆகவே குடும்பப் பெயரை வைத்துத் தேடும்படி அமைந்த மேனாட்டு இணையதளங்கள் நமக்கு அப்படியே உதவுவதில்லை.

டி.என்.ஏ. சோதனை என்பது என்ன?

நம் உடலின் உயிரணுக்களில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகின்றன. இவற்றிலுள்ள டி.என்.ஏ.யை எழுத்துகளால் ஆன ஒரு நூல் எனக் கொண்டால், அதில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. மாந்தர் அனைவருக்கும் இவற்றுள் ஆயிரத்திற்கு 999 ஒன்றே. வேறுபடும் இடங்களில் சில இலட்சத்தை மட்டும் தேர்ந்து படிப்பதே இச்சோதனை.

இதில் மூன்று வகை உண்டு. முதலாவது ஒய் குரோமோசோம் சோதனை. இது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்வதால் ஆண்வழியை மட்டும் காட்டும். இரண்டாவது மைட்டோகாண்ட்ரியா சோதனை. இது தாயிடமிருந்து பிள்ளைகள் அனைவருக்கும் வந்தாலும் பெண் மக்கள் வழியாகவே மேலும் தொடரும். 1,024 முன்னோர் உள்ள பத்தாம் தலைமுறையில் இவ்விரண்டும் ஒவ்வொருவரைப் பற்றியே பேசுகின்றன என்பதை மறக்கலாகாது. மூன்றாவது, ஏனைய 22 இணைக் குரோமோசோம்களைப் படிப்பது. உறவினரைக் கண்டுபிடிக்க இதுவே பெரிதும் பயன்படுகிறது.

இருவர் உறவினராயின் அவர்களுடைய குரோமோசோம்களில் சில துண்டுகள் ஒத்திருக்கும். அத்துண்டுகளின் நீளத்தைச் சென்டிமார்கன் என்னும் அலகால் அளக்கின்றனர். பழ ஈக்களை வளர்த்துப் பாரம்பரியத்தின் விதிகளை ஆராய்ந்து 1933இல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹண்ட் மார்கனின் பெயரால் வழங்கும் அலகு அது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே பொது நீளம் ஏறத்தாழ 3,400 சென்டிமார்கன். உடன்பிறந்தார் இருவரின் பிள்ளைகள் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்வர். பேரப்பிள்ளைகள் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. கொள்ளுப்பேரர்கள் நூற்றிருபத்தெட்டில் ஒரு பங்கு. அந்தக் கொள்ளுப்பேரர் நிலையிலேயே ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் சோதனையில் புலப்படும் அளவுக்கு எந்தத் துண்டும் ஒத்திராது. எனவே பொருத்தம் வந்தால் உறவு இருக்கலாம். வராவிட்டால் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மாமாவுக்கு வந்த பொருத்தம்

என் தாய்மாமன் பிரிட்டனில் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு அங்கே ஒரு நிறுவனத்தில் இச்சோதனையைச் செய்துகொண்டார். அவருடன் 61 சென்டிமார்கன் ஒத்துப்போகும் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருப்பதாக அறிக்கை வந்தது. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தம் தாயாரின் பாட்டனார் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி வந்தவர் என்பதும், அவருடைய பெயரும் மட்டுமே அவருக்குத் தெரியும். தமிழ் தெரியாது.

61 சென்டிமார்கன் என்பது உடன்பிறந்த இருவரின் கொள்ளுப்பேரர்களுக்கிடையே எதிர்பார்க்கத்தக்க அளவே. ஆனால் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம்மிடையே நெடுங்கால வழக்கம். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரே முன்னோரின் துண்டுகள் இரண்டு மூன்று வழிகளில் வந்து சேர்கின்றன. ஆகவே தூரத்து உறவினரும் நெருங்கிய உறவினர்போல் தோற்றமளிப்பர். நிறுவனங்களின் கணக்கோ, பெரும்பாலும் ஐரோப்பிய மரபினரின் தரவுகளைக் கொண்டு அமைந்தது. அது காட்டும் உறவு நிலையை நாம் அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை.

ஆகவே மாமா இன்னொரு வழியை நாடினார். டர்பன் ஆசிரியரின் தாய்மாமன் இன்றும் இருக்கிறார், வயது 88. அவரும் சோதனை செய்துகொண்டார். அவருக்கும் என் மாமாவுக்கும் 118 சென்டிமார்கன் பொருந்தியது. ஒரு தலைமுறை மேலே போனதும் பொருத்தம் ஏறத்தாழ இரட்டித்ததால், உறவு ஆசிரியரின் தாய்வழியில்தான் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. ஆனால் அந்த முன்னோர் யார், எந்த ஊரார் என்பதைக் குரோமோசோம் சொல்லுமா? சொல்லாது. எச்சிலில் பெயர் எழுதியிருப்பதில்லை. அதற்கு ஏடு வேண்டும்.

நேட்டால் கப்பல் ஏடுகள்

பிரிட்டிஷாரின் நேட்டால் குடியேற்றத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் முதல் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911இல் இம்முறை நிறுத்தப்படும் வரை சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள்.

ஆளை எண்ணால் அடையாளம் கண்ட அந்தக் கொடுமையான முறை, அவர்களின் வழித்தோன்றல்களுக்கு ஓர் உதவியைத் தன்னை அறியாமலே செய்து வைத்துள்ளது. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஏட்டில் ஒரு வரி உண்டு. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அங்க அடையாளம் ஆகியன அதில் இருக்கும். டர்பன் ஆவணக் காப்பகத்திலுள்ள இந்த ஏடுகளின் விவரங்கள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டு, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தின் வாயிலாக யாவரும் பார்க்கக் கிடைக்கின்றன. மொரீஷியசுக்குச் சென்றோரின் ஏடுகள், பலருடைய நிழற்படங்களுடன், அந்நாட்டின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன.

இவ்வேடுகளைப் படிப்பது எளிதன்று. தமிழ்ப் பெயரை ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி என்ற ஒரு பெயரே மூனிசாமி, முனிசமி, மூனேசாமி எனப் பல கோலங்களில் காணப்படும். ஊர்ப்பெயர்களின் நிலை அதைவிட மோசம். எனவே எழுத்தைப் பார்த்துத் தேடாமல், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தேட வேண்டும்.

டர்பன் ஆசிரியர் சொன்ன பெயரை வைத்துக்கொண்டு, விடுமுறையில் நானே அப்பட்டியலில் தேடினேன். வடஆர்க்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகாவில் அதே பெயருடையோர் மூவர் இருந்தனர். எங்கள் தாய்வழியினரின் பூர்வீகம் அந்தத் தாலுகாதான். ஆனால் மூவரில் எவர் அவர்?

பாட்டியின் நினைவு

இங்கேதான் கணிப்பொறியும் சோதனைக்கூடமும் ஓய்ந்து, 86 வயது மூதாட்டி ஒருவர் முன்வந்தார். அவர் என் தாயாரின் அத்தை; எனக்குப் பாட்டி முறை. தம் பாட்டனாருக்கு ஒரு தம்பி இருந்ததையும், அவர் அண்ணனோடு கோபித்துக்கொண்டு "நெட்டாலுக்கு" போய்விட்டதையும், திரும்பவே இல்லை என்பதையும் சிறுவயதில் கேட்டிருக்கிறார். "தாது வருஷத்துப் புள்ளைன்னு எங்க தாத்தா சொல்லும்" என்றார். தாது ஆண்டு 1876-77. சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிய காலம். மூவருள் ஒருவர் 1896ஆம் ஆண்டுக் கப்பலில் சென்றவர். வயது 20 என்று ஏடு சொல்கிறது.

அவருடைய தந்தை பெயரும் பாட்டி சொன்ன பெயரோடு ஒத்திருந்தது. ஆனால் கிராமத்தின் பெயர் இன்றைய எந்த ஊருக்கும் பொருந்தவில்லை. நான் அதை ஏட்டில் உள்ளபடி நான்கைந்து விதமாக உச்சரித்துக் காட்டினேன். ஐந்தாம் முறை பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏரி உடைந்து ஊர் மேட்டுக்குக் குடிபெயர்வதற்கு முன் இருந்த பழைய ஊரின் பெயர் அது. எந்த வரைபடத்திலும் நான் காணாத பெயர், அவருடைய நினைவில் மட்டும் இருந்தது. அவர் இல்லாமற் போயிருந்தால் அந்த வரி வெறும் வரியாகவே நின்றிருக்கும்.

அங்க அடையாளம் என்ற கட்டத்தில், இடது முழங்காலில் தழும்பு என்று எழுதியிருந்தது. அதைப் பற்றிப் பாட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊரை விட்டுப் போனவரைப் பற்றி ஊருக்கே தெரியாத ஒன்றைக் கப்பல் ஏடு காத்து வைத்திருந்தது.

அறிக்கை அந்த ஆசிரியரை "மூன்றாம் கசின்" என்று குறித்திருந்தது. ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதும். பாட்டியோ விரல் விட்டு எண்ணி, "அவங்கம்மா எனக்கு அக்கா முறை. அப்போ அவன் எனக்கு அக்கா மகன். உங்க மாமனுக்கு அத்தை மகன். உனக்குப் பெரியப்பா முறை ஆகுது" என்று ஒரே மூச்சில் முடித்தார்.

சாதி என்ற கட்டம்

இத்துடன் முடிந்திருந்தால் இது மகிழ்ச்சியான கதை. ஆனால் ஏட்டில் சாதி என்று ஒரு கட்டமும் உண்டு என்றேன் அல்லவா? அதில் எழுதியிருந்தது எங்கள் குடும்பம் இன்று சொல்லிக்கொள்ளும் பெயர் அன்று.

வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சாக இருந்தது. ஆள் மாறிவிட்டது என்றார் ஒருவர். இந்தக் காகிதத்தை வெளியே காட்ட வேண்டாம், பெண் கொடுக்கிற வீட்டில் கேள்வி வரும் என்றார் இன்னொருவர். சொத்தில் பங்கு கேட்டு வந்துவிடுவார்களோ என்று கேட்டவரும் உண்டு. அந்த இரு பெயர்களையும் இங்கே நான் எழுதவில்லை. எழுதினால் வாசகரின் கவனம் அங்கேயே நின்றுவிடும் என்பதே காரணம்.

பதிவின்போது சாதியை மாற்றிச் சொல்லுதல் அந்நாளில் நடந்ததே. தோட்ட வேலைக்கு ஏற்றவர் என்று எடுத்துக்கொள்ளப்படுவதற்காகச் சிலர் மாற்றிச் சொன்னார்கள். ஊரில் தாழ்த்தப்பட்டிருந்த சிலர், கடல் கடக்கும்போதே அந்தப் பெயரையும் கரையில் விட்டுச் சென்றார்கள். குமாஸ்தா தமக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டதும் உண்டு. இனி, மாறியது போனவரின் பெயர்தான் என்று நாம் ஏன் கொள்ள வேண்டும்? இருந்தவர்கள் பின்னாளில் மாற்றிக்கொண்டிருக்கலாகாதா? இவ்விரண்டில் எது என்பதை டி.என்.ஏ. தீர்த்து வைக்காது. குரோமோசோமில் சாதிக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி முடிவு இங்கே எண்ணத்தக்கது. ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்திய மக்கட்பிரிவுகள் பெருமளவில் ஒன்றோடொன்று கலந்தன. அதன் பின்னரே தத்தம் குழுவுக்குள் மணம் செய்யும் வழக்கம் இறுகியது என்பது அதன் சாரம். கலப்பே அற்ற தூய மரபு என்று நெஞ்சு நிமிர்த்துவோருக்கு அறிவியலில் ஆதரவு இல்லை என்பது வெள்ளிடை மலை.

பாட்டி இந்த ஆராய்ச்சியை அறியார். ஆயினும் அந்த வாரப் பேச்சை அவர்தான் முடித்து வைத்தார். "கப்பலண்டை நின்னு யாரு என்ன கேட்டாங்களோ, அந்தப் புள்ள என்ன சொல்லிச்சோ. அதுக்காவ அண்ணன் தம்பி இல்லேன்னு ஆயிடுமா?" என்றார். எவரும் மறுத்துப் பேசவில்லை. அனைவரும் மனம் மாறிவிட்டனர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டர்பனிலிருந்து அந்தப் பெரியப்பா வரும் தை மாதம் வருவதற்கு இசைந்து கடிதம் போயிருக்கிறது.

இத்தனை சான்றுகளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, அவ்வளவே. கணிதத்தில் தேற்றத்தை நிறுவுவதுபோல் இது நிறுவப்பட்டுவிட்டதாக நான் கூறவில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவர் இருந்திருக்கவும் கூடும். வரலாற்றுச் சான்றின் இயல்பு அது.

சில எச்சரிக்கைகள்

சோதனை அறிக்கைகளில் இத்தனை விழுக்காடு இன்ன நாடு என்று வண்ணப் படம் போட்டுத் தருவார்கள். அந்நிறுவனம் சேகரித்து வைத்துள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடே அது. ஒருவரே இரு நிறுவனங்களில் சோதித்தால் இருவேறு விழுக்காடுகள் வரும். மாதிரிகள் கூடினால் பழைய அறிக்கையும் மாறும்.

இரண்டாவது, இச்சோதனை வேண்டாத உண்மைகளையும் வெளிக்கொணரக்கூடும். தந்தை என்று எண்ணியிருந்தவர் தந்தையல்லர் என்று அறிய நேர்ந்தவர்கள் மேனாடுகளில் பலர் உளர். எந்த விடை வந்தாலும் தாங்கும் மனம் உடையவரே சோதனையில் இறங்க வேண்டும்.

மூன்றாவது, மாமா குப்பியில் நிரப்பியது அவருடைய எச்சில் மட்டும் அன்று. அவருடைய டி.என்.ஏ.யில் ஏறத்தாழப் பாதி என் தாயாருடையது. கால் பங்கு என்னுடையது. எங்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் தொடர் கொலைகள் செய்த ஒருவனைக் காவல்துறையினர் 2018இல் பிடித்தார்கள். அவன் சோதனை செய்துகொண்டவன் அல்லன். அவனுடைய தூரத்து உறவினர்கள் பொதுத் தளமொன்றில் பதிந்திருந்த விவரங்களே அவனைக் காட்டிக் கொடுத்தன. கொலையாளி சிக்கியது நன்றே. ஆயினும் ஒருவரின் பதிவு முழுச் சுற்றத்தையும் பதிவு செய்துவிடுகிறது என்பதற்கு அது சான்று. 23அண்ட்மீ என்னும் பெரிய நிறுவனத்திடமிருந்து 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவாலாகி, அதே ஆண்டில் வேறொரு அமைப்பின் கைக்குப் போயிற்று. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்றிக்கொள்ள முடியாது.

நாம் செய்யத்தக்கது

குடும்ப வரலாற்றைத் தேட விரும்பும் மாணவ நண்பர்கள் சோதனைக்குப் பணம் செலவழிப்பது கடைசியாக இருக்கட்டும். முதலில் வீட்டுப் பரணிலுள்ள பெட்டியைத் திறவுங்கள். பழைய கிரயப் பத்திரங்களில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று இரண்டு மூன்று தலைமுறைப் பெயர்கள் கிடைக்கும். நம் மாநிலப் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரங்களைப் பார்க்க வசதி உண்டு. கிறித்தவக் குடும்பத்தினருக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள் பெருந்துணை. ஃபேமிலிசர்ச் என்னும் தளம் உலகெங்கும் படமெடுத்த பதிவேடுகளைக் கட்டணமின்றிக் காட்டுகிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் உபயக் கல்வெட்டு ஆகியவற்றையும் விடாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் அருகில் அமருங்கள். பெயர்களை மட்டும் கேட்காதீர்கள். ஊரின் பழைய பெயர், குலதெய்வம் இருக்கும் இடம், பஞ்சத்தில் எங்கே போனார்கள், யார் திரும்பி வரவில்லை என்பனவற்றையும் கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாமல், தேதியிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். டர்பன் ஏடு இன்னும் பல்லாண்டுகள் கணிப்பொறியில் இருக்கும். அந்த ஏட்டைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அத்தனை காலம் நம்முடன் இருக்க மாட்டார்கள். வரும் விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்குமாறு மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.